பள்ளம் மேடமும் ஊசிச் சட்டமும்

“ஐயோ, இதுவும் பத்தலையே!” என்றார் பள்ளம் மேடம், மழை ஓய்ந்த வயலில் முழங்காலிட்டபடி.

பத்தாமல் போனது ஊசிச் சட்டம். நீளமான மரச்சட்டம், வரிசையாகத் துளைகள், துளைக்கு ஒரு கம்பி. மழைத்தண்ணீர் அரித்த பள்ளத்தின் குறுக்கே அதை வைத்தால் கம்பிகள் இறங்கி அடிமண்ணைத் தொடும். எந்தக் கம்பி எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் எவ்வளவு மண் போயிற்று என்று கணக்குச் சொல்லிவிடலாம். ஆனால் சட்டத்தின் இரண்டு முனையும் இரண்டு கரையில் உட்கார வேண்டுமே! இங்கே ஒரு முனை கரையிலும் மறு முனை அந்தரத்திலும் இருந்தன.

மண்வள அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. மழை விட்டதும் மற்றவர்கள் டீ தேடுவார்கள், இவர் பள்ளம் தேடுவார். சேறு, முள், அட்டை எதுவும் அவரை நிறுத்தியதில்லை. அப்படிப்பட்ட மனுஷிக்குப் போய் மேலதிகாரி கெடு வைத்திருந்தார். ஒரு பள்ளத்தையாவது தொடக்கத்திலிருந்து விடாமல் அளந்து காட்டினால் அந்தச் சரிவு முழுக்கத் தடுப்பு வரப்பு போட்டுத் தருவார்கள். இந்த மழைக்காலத்துக்குள் காட்டாவிட்டால் ஆய்வை இழுத்து மூடிவிட்டு மேடத்தைத் தபால் பிரிவில் உட்கார வைத்துவிடுவார்களாம்.

நிலத்துக்கார அம்மா போனிலேயே அனுமதி கொடுத்திருந்தார். “மகளுக்குப் பிரசவம், நான் இங்க அவகூட இருக்கேன். நிலம் சும்மாதான் கிடக்கு, தாராளமா அளந்துக்குங்கம்மா.”

வயலில் மேடத்துக்குத் துணை மீசைக்காரர். முதல் நாளே மண்வெட்டியும் கையுமாக வந்து, “என்ன வேணும்னாலும் என்கிட்ட சொல்லுங்க மேடம்” என்று நின்றவர், அதற்கப்புறம் நகரவே இல்லை.

“போன மழைக்கு ஒரு முழம்தானேண்ணே இருந்துச்சு? அதுக்குள்ள எப்படி இவ்வளவு அகலமாச்சு?”

“புல்லு மறைக்குது, கம்பி தரையைத் தொடலைன்னு சொன்னீங்கல்ல? அதான் ரெண்டு கரையிலயும் ஒரு புல்லு விடாம செதுக்கிட்டேன்.”

“அடக் கடவுளே! புல்லுதாண்ணே மண்ணைப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு!”

“அப்படியா?” என்று மீசைக்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “தெரியாம போச்சே மேடம்!”

அந்த முகத்தைப் பார்த்து யாரால் திட்ட முடியும்? மேடம் நேரே தச்சரிடம் போய்ப் பெரிய சட்டமாகச் செய்து வாங்கினார். ஜீப்புக்குள் நுழையாததால் அதைக் கூரைமேல் கட்டினார்கள்.

அடுத்த மழைக்குப் பள்ளம் இடுப்பளவு இறங்கியிருந்தது.

“இங்க கிடந்த கல்லெல்லாம் எங்கண்ணே?”

“சட்டம் சமமா உக்காரலைன்னு வருத்தப்பட்டீங்களே. நானே எல்லாத்தையும் புரட்டித் தள்ளிட்டேன். முதுகு போச்சு மேடம்!”

தண்ணீரின் வேகத்தை உடைத்துக்கொண்டிருந்ததே அந்தக் கற்கள்தான். மேடம் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு அந்த முதுகுக்குத் தைலமும் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனசு, வேறென்ன சொல்ல?

இனிச் சட்டமே வேண்டாம், கரைக்குக் கரை கயிறு கட்டிப் பள்ளத்துக்குள் இறங்கியே அளந்துவிடுவது என்று முடிவு செய்தார். சொன்னதுதான் தாமதம். மேடம் வழுக்கி விழக்கூடாதே என்று மீசைக்காரர் மேல்கரையில் அழகாகப் படி வெட்டி வைத்துவிட்டார். மழை அந்தப் படிவழியே இறங்கிக் கரையையே பெயர்த்துக்கொண்டு போனது.

“மேடம், அடுத்த தடவை ஜீப்பு போதுமா, படகு சொல்லட்டுமா?” என்றார் டிரைவர்.

மேடத்தின் காதில் அது விழவே இல்லை. மார்பளவு பள்ளத்துக்குள் சேற்றில் நின்றுகொண்டு ஒவ்வொரு அளவாகக் கூவினார், டிரைவர் எழுதினார். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கோலத்திலும் ஒரு அளவைக்கூட இரண்டு முறை சரிபார்க்காமல் விடவில்லை. பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

அளவுகளைக் கேட்ட மேலதிகாரி போனிலேயே துள்ளினார். “ஒரு பள்ளத்தை அது பிறந்ததுலேருந்து இப்படி யாருமே அளந்ததில்லைம்மா! ஆய்வு தொடருது. தடுப்பு வரப்புக்கு நாளைக்கே ஆள் அனுப்புறேன்!”

மேடம் பள்ளத்திலிருந்து மேலே பார்த்தார். தபால் பிரிவுக்குப் போவது தப்பியது, சரிவும் பிழைத்தது.

“அண்ணே, மண்ணு இவ்வளவு போயிருக்கே, உங்களுக்கு வருத்தமே இல்லையா?”

“நாலு பேருக்குப் பிரயோஜனம்னா போகட்டும் மேடம்” என்றார் மீசைக்காரர் பெருந்தன்மையாக.

“நாளைக்கே வரப்பு போட்டுடுவாங்க. இனி ஒரு பிடி மண்ணு போகாது!”

மீசைக்காரரின் முகம் சட்டென்று வாடியது. “எதுக்கு மேடம் அவசரம்? இன்னும் ரெண்டு மழைக்கு அளக்கலாமே!”

மேடத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்குக்கூட ஆராய்ச்சியில் இவ்வளவு தாகம் கிடையாதே! அலுவலக ஆண்டு விழாவில் இவருக்குப் பொன்னாடை போர்த்தியே தீருவது என்று அங்கேயே தீர்மானித்தார்.

அப்போதுதான் வரப்பில் பையும் கையுமாக ஒரு அம்மா வந்து நின்றார். வயலைப் பார்த்தார், பை கை நழுவிக் கீழே விழுந்தது. மீசைக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தவர்போல் சரிவில் இறங்கி நடந்தார்.

“நிலத்துக்கார அம்மாதானே? வாங்க வாங்க!” என்று மேடம் சேற்றோடு கரையேறி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “கவலைப்படாதீங்கம்மா, நாளைக்கே வரப்பு போட்டுடுவோம். எல்லாம் உங்க வீட்டுக்காரர் புண்ணியம். சொந்த மண்ணு போகுதேன்னு ஒரு வார்த்தை முணுமுணுக்கலையே மனுஷன்!”

அந்த அம்மா சரிவில் விரையும் முதுகையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என் வீட்டுக்காரரு மகள் வீட்டுல தொட்டில் ஆட்டிக்கிட்டிருக்காரும்மா, இவரு கீழ்வயல்காரரு, என் மண்ணு மொத்தமும் இறங்கிப் போய்ச் சேர்ந்திருக்கறது இவரு வயல்லதான்!”