கேக்கா, பிஸ்கட்டா என்று கேட்பவர்

பசித்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, ருசித்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. விசாரித்துச் சாப்பிடுகிற ஓர் இனமும் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். தட்டில் எதை வைத்தாலும் அவருடைய கை வாய்க்குப் போகாது, அந்தரத்தில் நிற்கும். "ஒரு நிமிஷம்!" என்பார். போயிற்று, டீ ஆறிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் அவர் பெரிய கணக்கர். நாங்கள் வைத்த பெயர் 'தீர்ப்பு'. தக்காளி காயா, பழமா என்று கேட்டே ஒரு மதியச் சாப்பாட்டை ஊசவைத்தவர்.

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு மாற்றல் வந்தது. கடைசி நாளன்று ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார்: அடியில் மெத்தென்ற மாவு, நடுவில் ஆரஞ்சு ஜாம், மேலே சாக்லேட். எல்லோரும் கடையில் வாங்கித் தின்பதுதான். இவர் முதல்முறையாக வீட்டிலேயே செய்திருந்தார். யாராவது ஒருவர் "நல்லாயிருக்கு" என்று சொல்ல மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார், பாவம்.

"இது கேக்கா, பிஸ்கட்டாம்மா?" என்றார் தீர்ப்பு.

"தெரியல சார். சாப்ட்டுப் பாருங்களேன்."

"தெரியாம எப்படிச் சாப்பிடறது?"

விடுவார்களா மற்றவர்கள்? கையால் எடுத்துத் தின்பதால் பிஸ்கட் என்றார் டிரைவர்; டிரைவர் சொல்லிவிட்டார் என்பதற்காகவே கேக் என்றார் மேனேஜர்; ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து தொண்டை வற்றக் கத்தினார்களே தவிர, ஒருவரும் ஒரு துண்டு எடுக்கவில்லை. கடைசியில் தீர்ப்பு வழி சொன்னார்: திறந்து வைத்தால் கேக் இறுகும், பிஸ்கட் நமுத்துப்போகும், ஆகவே நாளைக் காலைவரை யாரும் தொடக்கூடாது. எல்லாவற்றையும் தட்டில் பரப்பி ஜன்னலோரம் வைத்தார். அந்த அம்மா காலி டப்பாவோடு பஸ்ஸுக்குப் போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் தீர்ப்பு ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார். 'டொக்' என்றது. உடனே அந்த அம்மாவுக்குப் போன்.

"அது கேக்தாம்மா, கேக்! நிரூபணம் ஆயிடுச்சு!"

"சந்தோஷம் சார். சாப்பிட எப்படி இருந்துச்சு?"

"கல்லு மாதிரி இருக்கு, எப்படிம்மா சாப்பிடறது? அதானே ஆதாரமே!"

அந்த அம்மா போனை வைத்துவிட்டார். "லைன் கட்டாயிடுச்சு போல" என்றார் எங்களிடம்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், ஜாம் வைத்தால் பிஸ்கட் ஆகாதா, சாக்லேட் பூசினால் கேக் ஆகிவிடுமா என்று இவ்வளவு நேரமும் உங்கள் மனசுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்ததே, அது எனக்குத் தெரியாதா? அந்த அம்மா செய்தது ருசியாக இருந்ததா என்று நீங்கள் ஒருமுறையாவது கேட்டீர்களா?