பாலத்தை அடித்துக்கொண்டு போனவர்

முந்திச்சொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. கொம்பு கிடையாது, வால் கிடையாது. கையில் ஒரு செல்போனும் அடிவயிற்றில் தீராத ஓர் அரிப்பும் மட்டும் உண்டு. லாரி டயர் வெடித்தால் குண்டுவெடிப்பு என்பார். பக்கத்துத் தெருவில் ஆம்புலன்ஸ் நின்றால் இன்னார் காலமானார் என்பார். அந்த இன்னார் மறுநாள் காலை பால் பாக்கெட்டோடு எதிரே வந்தால், 'நல்லவேளை, பிழைச்சிட்டீங்க' என்று கையைப் பிடித்துக் குலுக்குவார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். உங்கள் வீட்டில் தீப்பிடித்தால் ஊருக்கெல்லாம் முதலில் சொல்லுகிறவர் அவர்தான். உங்களுக்குச் சொல்ல மட்டும் மறந்துவிடுவார்.

எங்கள் ஆம்பூரில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி லியாகத் அலி பாய். தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிற வேலை. வேலையில் புலி. ஒரு தோலைக் கையில் எடுத்தால் முன்பக்கம் தடவி, பின்பக்கம் புரட்டி, வெளிச்சத்தில் தூக்கி, மடித்து, விரித்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் 'ரெண்டாம் தரம்' என்று வாயைத் திறப்பார். முதலாளியே அவசரப்படுத்தினாலும் 'இருங்க சார், இன்னும் பார்க்கல' என்பார். அதே மனிதர் கையில் ஒரு செய்தி வந்தால்? புரட்டுவதா, தடவுவதா! கைக்கு வருவதற்குள் போய்விடும்.

அவர் நடத்துகிற வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'ஆம்பூர் மின்னல்'. செய்திக்கு முன்னால் மூன்று சிவப்பு விளக்கு, பின்னால் ஐந்து ஆச்சரியக்குறி, நடுவில் இடம் இருந்தால் செய்தி. 'நம்பத்தகுந்த வட்டாரம்' என்று போட்டிருந்தால் அது பஸ் ஸ்டாண்டு டீக்கடை. 'நேரில் கண்டவர்' என்றால் நேரில் கண்டவருக்கு மச்சான். தப்பு என்று யாராவது காட்டினால் ஒரே பதில்தான்: "நான் சொல்லல. வந்துச்சு."

ஒருமுறை ஒடுகத்தூர் பக்கம் சிறுத்தை பதுங்கியிருக்கிறது என்று படத்தோடு போட்டார். புள்ளி புள்ளியாகப் புதருக்குள் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கிராமமே கடலைக்காட்டுக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. வனத்துறையினர் வலையோடு வந்து பார்த்தால், பெண்கள் செருப்புக்காகச் சிறுத்தைப் புள்ளி அச்சடித்த ஆட்டுத்தோல் கொடியிலிருந்து பறந்து போய் வேலியில் மாட்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் தோலோடு புழங்கியவருக்கு அது தோல் என்று தெரியவில்லையா என்று கேட்காதீர்கள். கையில் இருந்தால் தெரிந்திருக்கும். அது செய்தியாக வந்துவிட்டதே!

இவருக்கு ஓர் எதிரியும் உண்டு. உள்ளூர் கேபிளில் செய்தி வாசிக்கிற ஹேமலதா. அந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள்? 'மழை பெய்கிறது. எவ்வளவு என்று அளந்து முடிக்கவில்லை. தெரிந்ததும் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு நிஜமாகவே வாயை மூடிக்கொள்வாள். பின்னால் தடதடவென்று இசை கிடையாது, அதிரும் எழுத்து கிடையாது, குரலில் ஒரு நடுக்கம்கூடக் கிடையாது.

"இது இன்னா நியூஸா?" என்பார் லியாகத் பாய். "ஸ்டேஷன்ல ட்ரெயின் லேட்டுன்னு சொல்ற மாதிரி இருக்குது. கேக்கறவனுக்குக் கொஞ்சமாவது நெஞ்சு அடிக்க வேணாம்?"

நெஞ்சு அடிக்கிற நாளும் வந்தது.

அவருடைய ஒரே மகள் அஃப்ஷாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ரிஹான், குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் கலீமுல்லாவின் மகன். பகல் தொழுகை முடிந்ததும் நிக்காஹ், பிறகு பிரியாணி என்று ஏற்பாடு. இரண்டு நாளாக விடாத மழை. வருஷமெல்லாம் மணலாகக் கிடந்து கிரிக்கெட்டுக்குப் பயன்பட்ட பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீரைப் பார்ப்பதற்கென்றே சனங்கள் குடையோடு கிளம்பிப் போனார்கள். ஆற்றில் தண்ணீர் எங்களுக்கு அவ்வளவு அதிசயம்.

கல்யாண மண்டபம் ஆற்றோரம். மொட்டைமாடியில் பந்தல் ஒழுகுகிறதா பார்த்து வாருங்கள் என்று மனைவி ஜஹீருன்னிசா காலையில் அனுப்பினார். ஏறினார். பந்தலையா பார்த்தார்? ஆற்றைப் பார்த்தார். தூரத்தில் தரைப்பாலம் இருக்க வேண்டிய இடத்தில் பாலம் இல்லை. கரைக்குக் கரை வெள்ளை வெளேரென்று நுரை, ஆள் உயரத்துக்கு. காய்ந்து கிடந்த ஆற்றில் புது வெள்ளம் வந்தால் இப்படி நுரை பொங்குவது வழக்கம்தான். அது எந்தத் தொழிற்சாலை விட்ட நுரை என்று மட்டும் எங்கள் ஊரில் கேட்கக்கூடாது, அதற்குத் தகப்பன் பெயர் கிடையாது.

லியாகத் பாய் ஆயிரம் தடவை பார்த்த நுரை. ஆனால் விரல் முந்திக்கொண்டது. மூன்று சிவப்பு விளக்கு. 'தரைப்பாலம் அடித்துச் செல்லப்பட்டது!!!!! நேரில் கண்ட உண்மை.' கூடவே ஒரு படம். கையோடு கையாக, சுற்றிக்கொண்டு போகிற இன்னொரு சாலையும் உள்வாங்கிவிட்டதாம் என்று ஒரு செய்தி. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. செய்தி வேறு, குடும்பம் வேறு அல்லவா?

கீழே இறங்கி வந்து வெங்காயம் போதுமா, தயிர் வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் செய்தி ஊர்சுற்றக் கிளம்பிவிட்டது. வாணியம்பாடியில் அதன்மேல் ஒரு வேன் ஏறியது. வேலூருக்குப் போனபோது அது கல்யாண வேன் ஆனது. பெங்களூரில் இருக்கிற சொந்தக்காரர்கள் கையில் அது குடியாத்தத்துக் கல்யாண வேன் ஆகி, அழுகிற முகங்கள் நான்கு சேர்ந்து, லியாகத் பாயின் செல்போனுக்கே திரும்பி வந்தது: 'பாலத்தோடு போனது மாப்பிள்ளை வேன். துஆ செய்யுங்கள்.'

படித்தார். காலையில் தான் பெற்றுவிட்ட செய்திதான் தாடி மீசையோடு வந்து நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நம்பிவிட்டார். அங்கேயே வெங்காயக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சிரிக்க மாட்டீர்கள். உள்ளே மகள் கைநிறைய மருதாணியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் என்ன என்று போய்ச் சொல்வது? கலீமுல்லாவுக்குப் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். கிடைக்கவில்லை.

ஜஹீருன்னிசா செல்போனைப் பிடுங்கிப் பார்த்தார். அந்த வீட்டில் பேச்சு உருதுதான். கோபம் வந்தால் மட்டும் அம்மையார் தமிழுக்கு மாறிவிடுவார், தெருவுக்கும் புரிய வேண்டுமே.

"பாலம் போச்சுன்னு மொதல்ல போட்டது யாருங்க? மேல தள்ளிப் பாருங்க. ஆம்பூர் மின்னல்னு இருக்குது. யாரு அந்த மின்னல்? நானா?"

"நான் சொல்லல, வந்து..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நல்லவேளையாக அப்போது போன் அடித்தது. கலீமுல்லாவேதான். உயிரோடு இருந்தார். உயிரோடு மட்டுமல்ல, வாய்நிறைய வடையோடு இருந்தார். வேன்கள் இரண்டும் அக்கரையில், ஆற்றுக்கு வெகு தூரத்துக்கு முன்னாலேயே ஒரு டீக்கடையில் நின்றிருந்தன.

"சம்பந்தி, பாலம் போச்சுன்னு உங்க மின்னல்ல பாத்தோம். சுத்திட்டு வரலாம்னா அந்த ரோடும் உள்வாங்கிடுச்சுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. எங்க வீட்டு லேடீஸ் ரொம்பப் பேஜாரா இருக்காங்க. ரம்ஜான் கழிச்சு வச்சுக்கலாம்ன்றாங்க. வண்டியத் திருப்பிடட்டுமா?"

லியாகத் பாய் கூடையிலிருந்து துள்ளி எழுந்தார். "திருப்பாதீங்க! பாலம் இருக்குது சம்பந்தி, பாலம் இருக்குது!"

"பாத்தீங்களா?"

"பா... இருக்கும்!"

"காலைல போச்சுன்னீங்க, இப்ப இருக்குதுன்றீங்க. பாலம் இன்னா பஸ்ஸா, போய்ட்டுத் திரும்பி வர்றதுக்கு? பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் வச்சிக்கிட்டு நான் ஆத்துல இறங்க முடியாது. கேபிள்ல அந்த ஹேமலதாப் பொண்ணு சொல்லட்டும், வர்றேன். இந்தக் கடையிலயே டிவி ஓடுது. சாயங்காலத் தொழுகைக்குள்ள சொல்லலன்னா திரும்பிடுவோம்."

தலைவிதியைப் பாருங்கள்! லியாகத் பாய் ஹேமலதாவுக்குப் போன் போட்டார்.

"ஹேமா ம்மா, பாலம் நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை போடும்மா. என் பொண்ணு கல்யாணம்."

"நான் கரையிலதான் நிக்கிறேன் பாய். நுரை மூடியிருக்குது, ஒண்ணும் தெரியல. பாக்காம எப்படிப் போடறது?"

"ஒரு குத்துமதிப்பா போடக்கூடாதா?"

"குத்துமதிப்பா போட்டு நாலு பேரு நுரைக்குள்ள வண்டிய விட்டா? ஃபயர் சர்வீஸ் வந்துட்டிருக்காங்க. தெரிஞ்சதும் சொல்றேன்."

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மண்டபத்து டிவியின் முன்னால் லியாகத் பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். 'பாலம் இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை' என்றாள் ஹேமலதா. இவர் தலையில் அடித்துக்கொண்டார். விளம்பரம் வந்தது. திரும்பவும் ஹேமலதா. 'இன்னும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.' அந்த ட்ரெயின்-லேட் குரலை, நெஞ்சு அடிக்காத அந்தக் குரலை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள அவர் உற்றுக் கேட்டார். பகல் தொழுகை முடிந்துவிட்டது. வந்த விருந்தாளிகள் கடிகாரத்தையும் அடுப்பையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

சமையல்கார ஹம்மாத் கரண்டியோடு வந்து நின்றார். "பாய், தம் உடைக்கட்டா வேணாமா? ரொம்ப வச்சா சீரக சம்பா கஞ்சியாய்டும். அப்புறம் ஆம்பூர்ல என் மானம் போய்டும்."

"என் மானம் போய்ட்டு இருக்குதுய்யா, உன்னுது கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றார் லியாகத் பாய், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல்.

கடைசியில் ஹேமலதா மழைக்கோட்டோடு தோன்றினாள். "தரைப்பாலம் இருக்கிறது," என்றாள். "நுரை மூடியிருந்ததால் தெரியவில்லை. தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடித்து நுரையை விலக்கியிருக்கிறார்கள். பாலத்தின் மேல் வெள்ளம் இல்லை. அதிகாரிகள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வண்டிகளை ஒவ்வொன்றாக விடுகிறார்கள். நிலைமை மாறினால் சொல்கிறேன்." அவ்வளவுதான். முடித்துவிட்டாள். அக்கரையில் கலீமுல்லா கையில் இருந்த டீயை வைத்துவிட்டு வேனில் ஏறினார்.

மண்டபத்து வாசலில் வேன் வந்து நின்றபோது லியாகத் பாய் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மாலை நேரத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. ரிஹான் மூன்று முறை 'கபூல்' என்று சம்மதம் சொன்னான். பிரியாணி கொஞ்சம் குழைந்துதான் போயிருந்தது; இருந்த பசிக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, சாப்பிடுவதற்குத் தவிர.

சரி, இனிமேலாவது திருந்தியிருப்பார் என்கிறீர்களா? கைகழுவி வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக மூன்று சிவப்பு விளக்கைப் போட்டார்: 'ஆம்பூர் மின்னல் செய்தி எதிரொலி! தரைப்பாலம் மீட்கப்பட்டது!!!!!'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நமக்கென்ன, நாம் அந்த இனம் இல்லையே. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை வேன் ஆற்றோடு போய்விட்டது என்ற இடத்துக்கு வந்ததும், மேலே படிக்காமல் தலையைத் தூக்கி, அடுப்படிப் பக்கம் பார்த்து, 'கேட்டியா, ஆம்பூர்ல ஒரு கல்யாணம் நின்னுபோச்சாம்' என்று குரல் கொடுத்தீர்களே, அது இப்போது எத்தனை வீடு தாண்டியிருக்கும்? எழுந்து ஓடுங்கள். கல்யாணம் நடந்துவிட்டது, எல்லாரும் நலம் என்று வீடு வீடாகச் சொல்லிப் பாருங்கள். ஒருவராவது காது கொடுக்கிறாரா, பார்ப்போம்.