மேட்டுப்பாளையத்தில் உலகம் புரண்ட கதை

உலகத் தொழில்நுட்பத் துறை 2009ஆம் ஆண்டு செப்டம்பரில் தலைகீழாகப் புரண்டது. அது அமெரிக்காவில் நடந்தது என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும். நடந்த இடம் புதுச்சேரி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, இருபத்தேழாம் நம்பர் ஷெட். நான் அப்போது அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஷெட்டில் பதினெட்டு வருஷமாக வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்துவந்தோம். சூப்பர்வைசர் கன்னியம்மாளும் இருபத்தொரு பெண்களும் வரிசையாக உட்கார்ந்து சால்டரிங் வைப்பார்கள். பெட்டிகள் விற்றன. வாங்கியவர் வீட்டில் ஓடின. யாரும் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடவில்லை. இதைவிடப் பிற்போக்கான தொழில் இருக்க முடியுமா?

அதை முதலில் உணர்ந்த தீர்க்கதரிசி எங்கள் முதலாளி ஜானகிராமன். சிங்கப்பூர் பொருட்காட்சிக்கு மூன்று நாள் போய்வந்தவர், நாலாம் நாள் எல்லோரையும் கூட்டினார்.

"இனிமே கம்ப்யூட்டருக்கு கீபோர்டு கெடையாது, மவுஸ் கெடையாது. ஒரே ஒரு பலகை. வெரலால தொட்டா போதும். வெள்ளைக்காரன் இன்னும் யோசிச்சிக்கிட்டே இருக்கான். நாம முந்திக்கிறோம். பெரிய பெரிய கம்பெனிலாம் கடையச் சாத்தப்போவுது."

கன்னியம்மாள் கையைத் தூக்கினார். "எப்ப சார் சாத்துவாங்க?"

"ஒரு ரெண்டு வருஷம்."

"அதுவரைக்கும் ஸ்டெபிலைசர் செய்யலாமா சார்?"

கேள்வி "தொலைநோக்கு அற்றது" என்று மினிட்ஸில் பதிவானது. பதிவு செய்தவன் நான். அன்று காலைவரை டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்த என்னை, மாலைக்குள் "தலைமைத் தொடர்பு அதிகாரி" ஆக்கியிருந்தார்கள். விசிட்டிங் கார்டு புதிது. நாற்காலிதான் பழையது, ஒரு கால் ஆடும்.

பலகைக்குப் பெயர் சூட்ட நான்கு கூட்டங்கள் நடந்தன. முதலாளியின் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்துக் கோர்ட்டில் குமாஸ்தா. அந்தப் பரம்பரை உரிமையில் அவரே "நுவோ டேப்லெட்" என்று வைத்தார். நுவோ என்றால் பிரெஞ்சில் புதுசு என்று விளக்கமும் சொன்னார்.

"நோவுக்கு மாத்திரையா சார்?" என்றார் கன்னியம்மாள்.

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு மினிட்ஸில் பதிவாகவில்லை.

அக்டோபரில் முந்நூறு பலகைகள் கப்பலில் வந்து இறங்கின. செய்தது சீனாவில். ஆனால் "உருவாக்கம்" நம்முடையது. எப்படி என்றால், முதுகில் இருந்த சீன எழுத்தின்மேல் நம் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டி, குமிழ் இல்லாமல் கட்டைவிரலால் நீவ வேண்டும். இதற்கு "இறுதிக்கட்ட உள்நாட்டு ஒருங்கிணைப்பு" என்று பெயர். பெயர் என்னுடையது.

இரண்டாம் நாளே கன்னியம்மாள் ஒரு பலகையை ஸ்குரூடிரைவரால் திறந்து, முதலாளி மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"சார், பேட்டரி உப்பிக்கிது. சார்ஜ் போட்டா கை வைக்க முடியல. நம்ம ஊர்ல கரண்ட் ஏறி ஏறி எறங்கும், இது தாங்காது. சார்ஜர்ல சின்னதா ஒரு சர்க்யூட் வெச்சா போதும். ரெண்டு நாள் குடுங்க, நாங்களே போட்டுத் தரோம்."

முதலாளி அவரைப் பரிவோடு பார்த்தார். "கன்னியம்மா, நீங்க இன்னும் ஸ்டெபிலைசர்லயே நிக்கிறீங்க."

வெளியீட்டு விழா கடற்கரை ஓரம் ஒரு ஹோட்டலில். சிறப்பு விருந்தினர் ஓர் உயர் அதிகாரி. குத்துவிளக்கு ஒரே குச்சியில் எரிந்தது. பலகைதான் எரியவில்லை. அதிகாரி ஒரு விரலால் தொட்டார். இரண்டு விரலால் தொட்டார். பிறகு விபூதி பூசுவதுபோல மூன்று விரலால் இழுத்தார். சட்டென்று கையை உதறினார்.

"சுடுதே?"

நான் மைக்கைப் பிடித்தேன். "பயனாளியின் அன்பை உணர்ந்து, தன் வெதுவெதுப்பைத் தெரிவிக்கும் உலகின் முதல் கணினி!"

கைதட்டல். அதிகாரி, மேடையோரம் பட்டுப்புடவையில் நின்ற கன்னியம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க இதுல என்னாம்மா செஞ்சீங்க?"

"ஸ்டிக்கர் ஒட்னேன் சார்."

"திருமதி கன்னியம்மாள் எங்கள் வணிக அடையாளப் பிரிவின் தலைவி!" என்றேன். மறுபடியும் கைதட்டல். கன்னியம்மாள் தட்டவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டெபிலைசர் பிரிவு மூடப்பட்டது. புரட்சி வந்தால் பழைய தொழில்கள் அழியத்தான் செய்யும். உலகின் பெரிய கம்பெனிகள் தயங்கி நின்றபோது, முதல் ஆளாக அழிவதற்கு எங்கள் ஷெட்டே முன்வந்தது இந்திய யூனியனுக்கே பெருமை. ஸ்டிக்கர் ஒட்டும் பணியும் முடிந்துவிட்டதால், சம்பந்தப்பட்ட இருபத்திரண்டு ஊழியர்களுக்கும் முறைப்படி தகவல் தெரிவிக்கப்பட்டது. சிலர் அழுதார்கள். கன்னியம்மாள் தன் சால்டரிங் அயனைத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "பொண்ணுக்கு இந்த வருஷம் பன்னெண்டாவது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

கார்த்திகை தீபத்துக்குள் பலகைகள் திரும்பிவர ஆரம்பித்தன. ரெட்டியார்பாளையத்தில் ஒன்று, படிக்கும் மேஜையோடு சேர்த்துத் தன் வெதுவெதுப்பைத் தெரிவித்தது. பொங்கலுக்குள் முதலாளி இறால் பண்ணைக்கு மாறிவிட்டார். இப்போது உலக இறால் துறை நடுங்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. தலைமைத் தொடர்பு அதிகாரிக்குத் தொடர்புகொள்ள யாரும் இல்லை.

மூன்று ஷெட் தள்ளி, பாவா என்பவர் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். போய் என் விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை தெரியும் தம்பி?"

"கடிதம், அறிக்கை, மினிட்ஸ்..."

"இருங்க, நம்ம சூப்பர்வைசரம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். அவங்களும் அந்த ஷெட்டுல இருந்தவங்கதான்."

உள்ளேயிருந்து கன்னியம்மாள் வந்தார். அவர் பின்னால், திறந்த கதவு வழியாக, எனக்குத் தெரிந்த ஏழெட்டு முகங்கள் மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்தன. மற்றவர்கள் இல்லை. கன்னியம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமே இல்லாத குரலில், பாவாவிடம் எனக்காகப் பேசினார்.

"நல்லா எழுதுவாரு பாய். எங்க இருவத்திரண்டு பேருக்கும் வேலை இல்லன்னு ஒரே மத்தியானத்துல எழுதி முடிச்சாரு. ஒரு எழுத்துப் பிழை கெடையாது."