மாமன்னர் இடியின் தொண்டைக்கு நேர்ந்த அவமானம்

பெருமக்களே, கூடுங்கள்! போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில், ஒரு பாடகனின் தொண்டைக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு நீங்களே சாட்சி!

கார்னிவல் திருவிழாவில், எதிராளியைப் பாட்டாலேயே கிண்டலடிக்கும் கலிப்சோ இறுதிப்போட்டியில் பாடுவோர் மருத்துவச் சான்றிதழ் தரவேண்டும் என்பது விதி. சென்ற ஆண்டு ஒருவர், எதிராளியை வசைபாடும் உச்சத்தில், மேடையிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். ஆகவே மோர்ட்டிமர் பப்டீஸ்ட், மேடைப்பெயர் 'மாமன்னர் இடி', டாக்டர் பெர்சாட் முன் வாயைப் பிளந்து காட்டினார். சான்றிதழ் வந்தது. தொண்டை: 'அன்ரிமார்க்கபிள்'.

சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லையாம்!

"டாக்டரே, மூணு தீவை அழவச்ச தொண்டை இது!"

"அட, நோய் இல்லைன்னு அர்த்தம்யா. எங்க தொழில்ல இதைவிடப் பெரிய பாராட்டே கிடையாது. 'நெகடிவ்'னு வந்தா நாங்க இனிப்பே கொடுப்போம்."

"உங்களுக்கு இனிப்பு, எனக்குச் செருப்படி! எதிராளி கையில இது கிடைச்சா, நாலு வரி கட்டி மேடையிலேயே என் தோலை உரிச்சிடுவான்!"

மருத்துவனின் அகராதி வேறு. மேடையின் அகராதி வேறு. ஆனால் பாடகனின் செருக்கு எந்த அகராதிக்கு அடங்கும்?

"உங்க இஷ்டம்" என்ற டாக்டர், சிறிதும் தயங்காமல் முன்னாலிருந்த 'அன்' என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டார். தொண்டை இப்போது 'ரிமார்க்கபிள்', சொல்லிக்கொள்ளும்படியானது!

போட்டிக் குழுத் தலைவி ஹயசிந்த் ஓட்லியோ, ஓய்வுபெற்ற தலைமைச் செவிலி; அவர் கையிலிருந்ததும் மருத்துவனின் அகராதிதான். படித்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தொண்டையில என்னத்தக் கண்டுபிடிச்சாங்க? கட்டியா?"

"தங்கக் கட்டிம்மா!"

"தங்கமோ பித்தளையோ, ஆபரேஷன முடிச்சுட்டு அடுத்த வருஷம் வாப்பா."

நலத்தை நிரூபிக்க, மோர்ட்டிமர் அங்கேயே முழுப்பாட்டையும் முழங்கினார். சன்னல்கள் அதிர்ந்தன. அம்மையார் அசையவில்லை. இன்னும் உரக்க முழங்கினார். குரல் உடைந்தது, தகரத்தில் ஆணியை இழுத்த ஓசைதான் மிஞ்சியது.

"நான் சொன்னேன்ல!" என்று அம்மையார் அவர் பெயரை நீக்கினார்.

மோர்ட்டிமர் மருத்துவமனைக்கு ஓடினார். செவிலி யூலாலி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் எங்கம்மா? பழையபடியே எழுதித் தரச் சொல்லு!" என்று கீச்சிட்டார்.

"அவரா? சரிகைச் சட்டை மாட்டிக்கிட்டு இப்பத்தான் போனாருண்ணே. வருஷக்கணக்கா மாற்றுப் பாடகராவே காத்துக் கிடந்தாரு. இன்னிக்கு எவனோ கழண்டுக்கிட்டானாம், இறுதிப்போட்டியில இவருதான் பாடுறாரு!"

பெருமக்களே! இனி எந்த மருத்துவர் முன்னும் வாயைத் திறக்குமுன், அவர் பாடுவாரா என்று கேளுங்கள்!