ஊமைப்படமும் மச்சானின் பெட்டிகளும்

வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, இனி இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. அதுவே நல்ல ஆரம்பமாகப் பட்டது.

காரணம் இருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனைவியோடு போட்ட ஒரு சண்டையில்கூட நான் ஜெயித்ததில்லை. தப்பு என்னுடையதுதான். நான் பேசித் தொலைத்துவிடுகிறேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அதைப் பிடித்துத் திருப்பி என் தலையிலேயே போடுவாள். சரி, வம்பே வேண்டாம் என்று "ம்" போட்டால், "என்ன ம்? எங்கம்மா வந்திருந்தப்ப போட்டீங்களே, அதே 'ம்'மா?" என்பாள். நான் போட்ட "ம்"முக்கெல்லாம் வரலாறு வைத்திருக்கிறவளிடம் ஒரு மனுஷன் என்னதான் பேசுவது?

இந்தத் தடவை சண்டை என் அறைக்காக. வீட்டின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத சின்ன அறை. உள்ளே என் புரொஜக்டர், வாசலில் கறுப்புத் திரைச்சீலை, வெள்ளையடித்த ஒரு சுவர், அலமாரி நிறையப் படச்சுருள். எல்லாம் ஒரே ஆளுடைய ஊமைப்படங்கள். சினிமா பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னால், தானே கதை எழுதி, தானே இயக்கி, தானே மாடியிலிருந்து விழுந்து, தானே எழுந்து தூசி தட்டிக்கொண்டு போன மகாகலைஞர். நான் அவரைக் குருநாதர் என்பேன். என் மனைவி "அந்த விழற ஆளு" என்பாள்.

வரவேற்பறை அவளுடையது. சமையலறை அவளுடையது. கட்டிலில் எனக்குச் சுவரோரமாக ஒரு முழம் ஒதுக்கியிருக்கிறாள். எனக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு அறைதான்.

அதற்குத்தான் குறி வைத்தான் என் மச்சான். என் மனைவியின் ஒரே தம்பி. ரேடியோ விளம்பரத்தில் "இன்றே வாங்குங்கள்!" என்று ஒருவன் அலறுகிறானே, அவன்தான். குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். எந்த வீட்டுக்காரர்தான் அந்தத் தொண்டையைத் தாங்குவார்?

"தம்பி ரெக்கார்டிங் பண்ண வெளிச்சத்தம் வராத ரூமா வேணுமாம். நம்ம பின்ரூம் தோதா இருக்கும்ங்கறான். ஞாயித்துக்கிழமை வரட்டுமா? என்ன சொல்றீங்க?" என்று முந்தின ராத்திரி மனைவி கேட்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றால் வாதம் ஆரம்பிக்கும். வாதத்தின் முடிவில் நான் "சரி" என்பேன். நேராகவே "சரி" என்றால் வாதம் ஒன்றுதான் மிச்சமாகும், அறை போனது போனதுதான். ஆகவே இரண்டையும் சொல்வதில்லை. குருநாதர் காட்டிய வழியும் அதுதான். படத்தில் முதலாளி கத்துவார், போலீஸ்காரர் கத்துவார், மாமியார் கத்துவார். இவர் வாயே திறக்கமாட்டார். கடைசியில் கத்தினவர்கள் அத்தனை பேரும் சாக்கடையில் கிடப்பார்கள். இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடையைக் கட்டுவார்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். குருநாதர் படம் பார்த்து என் மனைவி ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாகப் போட்டுக் காட்டினேன். ஒரு படத்தில் அவர் பெரிய அலமாரி ஒன்றை முதுகில் சுமந்துகொண்டு மாடியேறுவார். அலமாரிக்குள்ளே வீட்டுக்காரி தூங்கிக்கொண்டிருப்பாள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த காட்சி அது. இவள் கொட்டாவி விட்டு, "அலமாரியைத் துடைக்காமலே தூக்கறான் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து தனியாகத்தான் பார்க்கிறேன். இருட்டறையில் ஒருத்தன் தனியாகச் சிரிப்பது அழுவதைவிடக் கேவலமாக இருக்கிறது.

சபதத்துக்கு வருகிறேன். முதல் நாள் அவள் விடாமல் கேட்டுப் பார்த்தாள்.

"தொண்டை கட்டிடுச்சா?"

சுவரைப் பார்த்தேன்.

"கோவமா?"

கூரையைப் பார்த்தேன்.

"ஓஹோ. ஐயா பேசமாட்டாரோ?"

செருப்பைப் பார்த்தேன். சனிக்கிழமை அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வேன் வந்து நின்றது. மச்சான் இறங்கினான்.

"மாமா! நான் வர்றதுல உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க!" தெரு முழுக்கக் கேட்டது.

நான் தலையைப் பலமாக ஆட்டினேன். முடியாது என்று அர்த்தம்.

"ஆட்சேபணையா, சேச்சே, அதெல்லாம் இல்லவே இல்லைங்கறாருடா," என்றாள் மனைவி.

வேனையும் தெருமுனையையும் மாறி மாறிக் காட்டினேன்.

"வேனை நடுத்தெருவுல நிறுத்தாதே, சட்டுனு சாமானை இறக்குங்கறாரு."

நெஞ்சைத் தொட்டேன். அறைப்பக்கம் கை நீட்டினேன். இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சினேன்.

"என் ரூமை உன் ரூமா நெனைச்சுக்கோ, கையெடுத்துக் கும்பிடறேங்கறாரு."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க மனுஷனே இல்ல மாமா. தெய்வம்!"

தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஐயோ, இவனை இன்னும் முன்னாடியே கூப்பிடாம விட்டோமேன்னு அடிச்சுக்கறாரு, பாவம்."

என் பிழைப்பே வெளிநாட்டுப் படங்களுக்கு அடியில் ஓடும் வசனங்களை எழுதுவதுதான். திரையில் ஒருவன் வாயசைத்தால், அவன் என்ன சொன்னான் என்று முடிவு செய்கிறவன் நான். நான் எழுதியதை விட்டுவிட்டு நடிகன் முகத்தை யாரும் நம்பியதில்லை. இப்போது என் மூஞ்சிக்கு அடியில் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைவிட நன்றாகவே எழுதினாள்.

வாயைத் திறந்து கத்தியிருக்கலாம். திறந்தால் வாதம். வாதம் என்றால் தோல்வி. செயலில் இறங்குவது என்று, கூடத்தில் மச்சான் கொண்டுவந்து வைத்த முதல் பெட்டியைத் தூக்கினேன், திரும்ப வேனிலேயே எறிந்துவிட்டு வர. அவனுடைய மைக் ஒயர் காலில் சிக்கியது. ஒரு சுற்றுச் சுற்றினேன். பின்பக்கமாகவே ஓடினேன். கறுப்புத் திரைச்சீலையைக் கிழித்துக்கொண்டு போய் என் அறைக்குள் பொத்தென்று உட்கார்ந்தேன். திரைச்சீலை என் தலைமேல். பெட்டி என் மடியில், ஒரு கீறல் இல்லாமல்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. யார் என்று முதலில் புரியவில்லை. என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வர.

"ஐயோ... அந்தச் சுத்து... இன்னொரு வாட்டி சுத்துங்களேன்..."

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். எத்தனை வருஷமாகக் காத்துக்கிடந்த சிரிப்பு! எழுந்தேன். தூசியைத் தட்டினேன். இல்லாத தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னேன். நேராக வேனுக்குப் போனேன்.

இரண்டாவது பெட்டியைத் தலையில் வைத்து, குருநாதர் மாதிரியே முழங்கால் மடக்காமல் நடந்து வந்தேன். இன்னும் பலமாகச் சிரித்தாள். "அந்தப் பெரிய பெட்டியோட விழுவீங்களா?" விழுந்தேன். மெத்தையைத் தூக்கி, அதற்குள்ளேயே காணாமல் போனேன். மேஜையோடு நிலைப்படியில் சிக்கிக்கொண்டு கைகால் உதறினேன். உள்ளே இடம் போதவில்லை. என் புரொஜக்டரை நானே தூக்கி, மூன்று சுற்றுச் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். அதற்குக் கைகூடத் தட்டினாள்.

உடம்பில் காயம் படாத இடம் இல்லை. மனசு மட்டும் பூரித்துக் கிடந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தம்பியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"வாயெல்லாம் வலிக்குதுடா. வேன்ல இன்னும் பெட்டி இருக்கா, இல்ல நான் சிரிக்கறதை நிறுத்திடட்டுமா?"