கிடாவிடம் கேட்ட ஆனர்ஸ்

படித்தவர்களுக்கு வரும் வியாதிகளில் மோசமானது, வீட்டில் மற்ற யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைப்பது. எனக்கு அது கல்லூரியில் இரண்டாம் வருடம் முடிவதற்குள் நன்றாக முற்றிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த முதல் ஆள் நான். (அண்ணனையும் ஒருநாள் கொண்டுபோய் விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை.) அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இப்போதும் இருக்கிறது. ஆனால் இப்போது எந்த ஆட்டைப் பார்த்தாலும் அது கொஞ்சம் இறங்கிவிடும்.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் காடு. (விளைநிலத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.) நான் சேலத்தில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்தேன். அந்த வருடம்தான் எங்கள் கல்லூரியில் ஆனர்ஸ் என்று ஒன்றைப் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். தனியாகப் பரீட்சை வைத்து ஆள் எடுப்பார்கள். கூடுதல் பாடங்கள், ஓர் ஆய்வுக் கட்டுரை, மூன்று வருடப் படிப்பு நான்கு வருடம் ஆகும். விலங்கியலில் இரண்டே இடம். அதில் ஒன்று எனக்கு என்று கோடை விடுமுறையில் கடிதம் வந்தது. கூடவே ஒரு படிவம். பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமைக்குள் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்திருக்கும் சுகந்திக்கு இடம் போய்விடும். சுகந்தி சேலம் டவுன்காரி. பரீட்சை முடிந்த அன்று என் தோளைத் தட்டி, "உனக்குக் கெடைச்சாலும் உங்க வீட்ல விடுவாங்களாப்பா?" என்று பரிதாபமாகக் கேட்டவள். அந்தப் பரிதாபத்துக்காகவே நான் சேர்ந்தாக வேண்டும்.

வீட்டில் எழுத்துச் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அதிகாரி என் தாய்மாமன்தான். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வேறு எதுவும் எழுதத் தெரியாது, ஆனால் அதுவே அவரை எங்கள் ஊரில் பெரிய மனுஷனாக்கியிருந்தது. படிவத்தை அவரிடம் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"மூணு வருசம்னு சொல்லித்தான சேத்துனோம்? நாலாவது வருசம் எதுக்கு?"

"இது ஆனர்ஸ் மாமா. நல்லாப் படிக்கறவங்களுக்கு மட்டும் குடுக்கறது."

"நல்லாப் படிக்கறவன் மூணு வருசத்துல முடிச்சுப்போட்டு ஊட்டுக்கு வந்துருவானே புள்ள. பெயிலானவந்தான் நாலு வருசம் இருப்பான். நாளைக்கு உன்னையக் கேட்டு வாரவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

இந்தத் தர்க்கத்துக்கு எங்கள் பேராசிரியர்களிடம்கூடப் பதில் இருந்திருக்காது. அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. காலையில் காட்டுக்குப் போனால் பொழுது சாய வருகிற மனிதர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம் சாமி" என்பார். சாமி என்பது நான். அவருக்கு ஆனர்ஸ் என்று சொல்லிப் புரியவைக்க நான் எங்கிருந்து ஆரம்பிப்பது? (இது அன்றைய என் எண்ணம். மேலே சொன்ன வியாதியை நினைவில் வையுங்கள்.)

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது.

எங்கள் கிணறு வற்றி, அப்பா போர் போட்டபோது, தண்ணீர் வந்தால் கருப்பணாருக்குக் கிடா வெட்டுவதாக அம்மா நேர்ந்திருந்தார். தண்ணீர் வந்துவிட்டது. கிடாவும் வளர்ந்து தயாராக நின்றது. வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை. வெட்டுவதற்கு முன் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உத்தரவு கேட்பது எங்கள் வழக்கம். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால், அதைத் துலுக்குவது என்போம், சாமி சம்மதித்துவிட்டதாக அர்த்தம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஆடு உதறும் என்பது தோல், நரம்பு, தசை சம்பந்தப்பட்ட விஷயம். அதைப் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியவள் நான். ஆக, சாமியிடம் என் கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் பதில் எனக்கு முன்பே தெரியும்!

"அம்மா, நான் மேல படிக்கறதையும் அன்னிக்கே சாமிகிட்டக் கேட்டுப்போடலாமா? கெடா துலுக்குனா படிக்கறேன். இல்லீன்னா மாமா சொல்றபடி."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "காலேசு போயும் சாமிய மறக்கல பாருங்க எம்பட புள்ள" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். மாமாவும் சரி என்றார். சாமியை எதிர்த்து அவர் என்ன சொல்ல முடியும்? நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் வந்திருந்தார்கள். ஒரு பக்கம் மலைபோல் சின்ன வெங்காயம் உரித்துக் கிடந்தது. மசாலா அரைத்து உருட்டி வைத்தாயிற்று. படிவத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகியிருந்தேன், கிடா துலுக்கிய சூட்டோடு மாமாவிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று. பூசாரி கிடாவுக்கு மாலை போட்டு, "தண்ணி வந்ததுக்கு இந்தக் கெடா. ஏத்துக்கிட்டு, இந்தப் புள்ள மேல படிக்கறதுக்கும் உத்தரவு குடு சாமி!" என்று சொல்லி, ஒரு குடம் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார்.

கிடா அசையவில்லை.

இன்னொரு குடம். கிடா கண்ணை மூடிக்கொண்டது. மூன்றாவது குடத்துக்குக் கழுத்தை நீட்டி, காதுக்குப் பின்னால் தண்ணீர் விழும்படி வாகாகத் திரும்பிக் காட்டியது. அதன் முகத்தில் இருந்தது பரம சுகம்.

அந்தக் காட்சியை நான் முன்பே பார்த்திருந்தேன். ஒரு முறை அல்ல, நாற்பது முறை.

நடந்தது இதுதான். விடுமுறைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சுகாதாரம் எனக்குப் பொறுக்கவில்லை. மனிதர்கள் யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை. கேட்டது கிடா ஒன்றுதான். அதற்குக் கேப்ரா என்று விலங்கியல் முறைப்படி பெயர் வைத்து, தினமும் காலையில் பம்ப்செட் குழாய்க்கு அடியில் நிறுத்தி, வாசனை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். முதல் வாரம் துலுக்கு துலுக்கென்று துலுக்கி என்னையும் நனைத்தது. பிறகு பழகிவிட்டது. ஒரே தூண்டுதல் திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு அதற்குப் பழகி, பதில் செய்வதை நிறுத்திவிடும். இதைப் பற்றி ஆனர்ஸ் பரீட்சையிலேயே ஒரு கேள்வி இருந்தது. நான் அதைச் சாய்ஸில் விட்டிருந்தேன்.

ஐந்தாவது குடத்தில் பூசாரி குடத்தைக் கீழே வைத்தார். "ஊட்டுல ஏதோ கொறை இருக்குதுங்க. மனசுல இருக்கறதச் சொல்லிப்போடுங்க. சாமி அதுக்குத்தான் நிக்குது."

எங்கள் அத்தை, மாமாவின் மனைவி, முதலில் முன்னால் வந்தார். அம்மாவின் ஆட்டுக்கல் குழவி உடைந்தது பூனையால் அல்ல, தன்னால்தான் என்றார். நாலு வருடமாக அந்தப் பூனையைத் திட்டிக்கொண்டிருந்த அம்மா, அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு குடம் ஊற்றினார்கள். அசையவில்லை. மாமா தொண்டையைச் செருமினார்.

"மச்சானுங்க, பொதுவரப்புல ஒரு சாண் நாந்தான் அரிச்சுப்போட்டனுங்க. மழை இல்லீங்க."

"தெரியுமுங்க" என்றார் அப்பா.

அதற்கும் ஒரு குடம். கேப்ரா சுகமாக அசைபோட ஆரம்பித்தது. இப்போது அறுபது பேரும் கிடாவிடம் கேள்வி கேட்ட ஆளைப் பார்த்தார்கள். என்னை.

"அது துலுக்காது!" என்று கத்திவிட்டேன். "எத்தன கொடம் ஊத்துனாலும் துலுக்காது! அதுக்குக் குளிச்சுப் பழக்கம்! நாந்தான் தெனமும் சோப்புப் போட்டுக் குளிக்க வெச்சேன்!"

முதலில் அம்மாவின் குரல்தான் கேட்டது: "அடிப்பாவி, ரெண்டு கட்டி சோப்பு எங்க போச்சுன்னு நான் ஊடெல்லாம் தேடுனனே!"

"சாமி கெடாவுக்கு வாசனை சோப்பா?" என்று பூசாரி தலையில் கை வைத்தார். துலுக்காத கிடாவை வெட்டக் கூடாது என்று மாலையைக் கழற்றினார். சாப்பிட வந்த அறுபது பேரும் உரித்த வெங்காயத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாமா, "சரி, சாமி சொல்லிப்போடுச்சு. படிப்பு வேண்டாம். மூணே வருசம்" என்றார். நான் ஒப்புக்கொண்ட பேச்சு அது. இடுப்பிலிருந்த படிவம் வியர்வையில் நனைந்தது. சுகந்தி என் கண் முன்னால் நின்று தோளைத் தட்டினாள்.

அப்போது அப்பா பக்கத்தில் வந்தார்.

"அதென்ன சாமி, ஆனர்சு?"

அழுதுகொண்டே சொன்னேன். பரீட்சை எழுதியது, இரண்டே இடம், அதில் ஒன்று எனக்கு, நான்கு வருடம் என்பது பெயிலானதால் அல்ல, எல்லாம். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேனே, அந்த விஷயம்.

"இத்தன பேருல ரெண்டே பேரு. அதுல நீ ஒருத்தி?"

"ஆமாங்கப்பா."

"மச்சானக் கேட்ட. சாமியக் கேட்ட. கெடாவக்கூடக் கேட்ட." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தீன்னா நானே துலுக்கியிருப்பனே சாமி."

சொன்னதோடு நிற்கவில்லை. அறுபது பேருக்கு முன்னால், தலைப்பாகை கழன்று விழ, தோளையும் தலையையும் உதறித் துலுக்கிக் காட்டினார். யாரோ ஒரு பெண் பழக்கதோஷத்தில் குலவையே போட்டுவிட்டாள்.

"கெடா என்னத்துக்கு 'மாட்டே'ன்னுச்சு? தன்னைய வெட்ட வேண்டாம்னுச்சு. அவ்வளவுதான மச்சானுங்க?" என்றார் மாமாவிடம். வரப்பு விஷயம் அப்போதுதான் வெளியே வந்திருந்ததால் மாமாவால் அதிகம் பேச முடியவில்லை. மாமாவின் கையெழுத்தும் தேவைப்படவில்லை. அப்பா பூசாரியின் தட்டிலிருந்த குங்குமத்தைக் குழைத்து, படிவத்தில் கட்டை விரலை அழுத்தினார்.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்த குமாஸ்தா, "இதென்னம்மா, ரத்தமா?" என்று பதறினார். இல்லை என்று நிரூபிக்க அவர் மேஜையிலேயே தேய்த்துக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் பூசணிக்காய்க் குழம்புதான். எங்கள் ஊரில் அதை இன்னும் மன்னிக்கவில்லை. நான் ஆனர்ஸில் தேறி வந்தபோதுகூட, "கறிக்கொழம்பக் கெடுத்த புள்ளதான?" என்றுதான் விசாரித்தார்கள். சாமிக்கு வேறு கிடா வாங்கிவிட்டார்கள். கேப்ராவை யாரும் தொடவில்லை. ஊரே அதற்கு ஆனர்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டது. கிழடான பிறகும் அது, யார் தண்ணீர்க் குடம் கொண்டுபோனாலும் முன்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாயால் சம்மதம் சொல்வதில்லை. சினிமாவுக்குப் போவதானாலும் அம்மாகூடத் தோளைத்தான் உதறுகிறார். போன மாதம் என்னைப் பெண் பார்க்க நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு எல்லாம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகக் கூடாது என்ற ஒரு நிபந்தனையும் இருந்தது. மாமா என் சார்பாகப் பேச வாயெடுத்தார். அப்பா கையமர்த்திவிட்டு, வந்தவர்கள் எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டார்:

"என்ன சாமி, தண்ணி ஊத்தட்டுமா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சமும் அசையாமல் நின்றேன்.

அப்பா எழுந்து அவர்களைப் பேருந்து நிறுத்தம்வரை மரியாதையாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வழி நெடுக அவர்கள் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு போனார்களாம்: இவ்வளவு அடக்கமான பெண்ணை அவர்கள் எங்கேயும் பார்த்ததில்லையாம்.