குழாய்த் தண்ணீருக்கு வந்த சாபம்

காலையிலேயே தெரு அடைத்துக்கொண்டது. ஜீன் சித்தர் வந்துவிட்டாரல்லவா! ஆய்வுக்கூடம் வேண்டாம், படிப்பு வேண்டாம்; எச்சில் போதும். துப்பினால் ஏழு தலைமுறையையும் புட்டுப் புட்டு வைப்பார். வாயைத் திறக்கத்தான் சொன்னார். மூளையை மூடிக்கொண்டது மக்களாகச் செய்தது.

வரிசையில் மகளை இடுப்பில் சுமந்து நின்றாள் தையற்காரி. ஓடியாடிய பிள்ளை, மூன்று வயதில் தள்ளாடுகிறது. ஆஸ்பத்திரியில் ஜீனைப் படித்துவிட்டு, "ஓர் எழுத்து மாறியிருக்கு. நோய்க்கு அதுதான் காரணமான்னு இன்னும் தெரியல" என்றார்கள். சித்தரோ 'தெரியல' என்று சொல்லத் தெரியாதவர். குணமாக்க அவர் போடும் ஒரே நிபந்தனை, இனி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

கூடவே நாத்தனாரும் வந்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் குழந்தையின் உடலிலிருந்து எடுத்த செல்லை வளர்ப்பவளே அவள்தான்.

"சட்டையைப் போட்டுப் பாத்தாத்தானே அண்ணி அளவு தெரியும்? அந்த ஜீன் ஒழுங்கா வேலை செய்யுதான்னு செல்லுல பாத்துட்டிருக்கோம். கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்துப் பொறுத்துப் பிள்ளை படுத்துட்டா?" தையற்காரி வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தாள்.

சித்தரின் முறை எளிது. வெள்ளைக் கரைசல் உள்ள குப்பியில் துப்ப வேண்டும். அவர் ஒரு சொட்டுத் தீர்த்தம் விடுவார். கன்னங்கரேல்! சாபம்! காணிக்கை விழுந்ததும் மந்திரம். சற்று நேரத்தில் கறுப்பு கலையும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

நாத்தனார் முந்திக்கொண்டாள். "சாமி, வர முடியாத ஒருத்தருக்கும் பாக்கணும்." கொண்டுவந்ததைக் குப்பியில் ஊற்றினாள்.

சொட்டு விழுந்தது. கறுத்தது. சித்தர் ஓதினார். கலையவில்லை. உரக்க ஓதினார். வியர்த்ததுதான் மிச்சம்.

"கொடிய சாபம்! வம்சமே அழியும்! யாரும்மா அது?"

"உங்க வாசல் குழாய், சாமி. பச்சைத் தண்ணி."

நாத்தனார் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"குப்பியில மாவுக் கரைசல். தீர்த்தம்னு ஊத்துறது அயோடின். ரெண்டும் சேர்ந்தா கறுக்கும். எச்சில் மாவைச் செரிச்சதும் கலையும். நாங்க நோயாளி செல்லுக்குப் பக்கத்துல நல்ல செல்லையும் வெச்சுத்தான் பார்ப்போம். இங்க யாராச்சும் அப்படிப் பாத்தீங்களா?"

சித்தர் பின்வாசலுக்கு ஓடினார். அங்கேயும் வரிசை நின்றது. இம்முறை துப்புவதற்கு யாரும் குப்பி கேட்கவில்லை.

சில வாரங்களில் ஆய்வு முடிவு வந்தது. மாறிய எழுத்துதான் குற்றவாளி. அதனால் ஒரு வைட்டமின் செல்லுக்குள் சரியாகப் போகவில்லை. கூடுதலாகக் கொடுத்ததும் செல் தேறியது. டாக்டர் குழந்தைக்கும் கொடுத்தார். இப்போது அவள் அளவு நாடாவை இழுத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடுகிறாள்; பின்னால் அம்மா திட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே.

தெருவுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நகம் பார்த்து ஜீன் சொல்வாராம். பூனை நகம் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாள் தையற்காரி. நீங்களும் போகலாம். போகும்போது மூளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.